பரண் மேலே ஒரு டன்

வெல்டர்: சட்டத்துக்குச் சட்டம் 2 இன்ச் சந்தா? கால் மாட்டிக்குமேங்க்கா.

அக்கா: யாரு கால்?

வெல்டர்: அதானுங்க... உள்ள நிக்கிறதோட கால்.

அக்கா: அங்க எதுக்கு நிக்குது? படுக்க வெச்சு ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கறதுதான். 4½ அடி ஒசரத்துக்கு.

வெல்டர்: மேல படுக்கறதுக்குப் பரவால்லீங்க. அடியில கெடக்கறதுக்கு மூச்சு முட்டாதுங்களா?

அக்கா: அதுக்குத்தானே சந்து கேக்கறேன். அடியில காத்துப் போனாத்தான் அடி வரிசை நல்லாருக்கும். தளம் தரையிலிருந்து முக்கா அடி தூக்கி இருக்கோணும். அதுக்குக் கொறைஞ்சா சீமாறு உள்ள போகாது. கூட்டாம உட்டா எலி வரும். எலி வந்தா பின்னாலயே பாம்பு வரும்.

வெல்டர்: கூட்டறது நல்லதுங்க்கா. புழுக்கையைத் தென்னைக்குப் போட்டுக்கலாம்.

அக்கா: எலிப்புழுக்கையையா?

வெல்டர்: (டேப்பைச் சுருட்டியபடி) மொத்தம் எத்தனை உருப்படிங்க?

அக்கா: எண்ணி யாரு பாத்தா? 8 அடி நீளம், ஒண்ணரை அடி அகலம், ஒசரம் சொல்லிட்டேன். பச்சையா ஏத்துனா ஒரு டன்னு பக்கம் வரும்.

வெல்டர்: ஒரு டன்னா! (விரல் விட்டு எண்ணுகிறார்) தலைக்கு 30 கிலோன்னு வெச்சாலும் 33 வருதுங்களே. எட்டடியிலயா?

அக்கா: தலையோ வாலோ, எடை எடைதான். ரெண்டு ஓரத்துல மட்டும் கால் வெச்சீன்னா நடுவுல தொட்டில் மாதிரி தொங்கிப்போகும். 4 அடிக்கு ஒரு ஜோடி, மொத்தம் ஆறு கால் போட்டுரு.

வெல்டர்: சரீங்க்கா. தண்ணித் தொட்டி எந்தப் பக்கம்?

அக்கா: தண்ணியா? ஒரு சொட்டு காட்டக்கூடாது.

வெல்டர்: எத்தனை நாளைக்குங்க?

அக்கா: சின்னதுன்னா ஆறு மாசம். பெருசுன்னா ஒரு வருசம்.

வெல்டர்: அக்கா, செத்துப்போகுமுங்க!

அக்கா: உசுரோட எவன் கொண்டாந்து வெக்கறான்? வெட்டி, நாலாப் பொளந்துதான் ஏத்தறது. முழுசா வெச்சா தோலுக்குள்ளயே ஈரம் நிக்கும்.

வெல்டர்: (எழுந்துவிடுகிறார்) உப்புக்கண்டம் போடறதுக்கு எதுக்குங்க்கா இத்தனை பெரிய பரணு? கொடியில கோத்துப் போட்டாலே ஆச்சே!

அக்கா: விறகை யாராவது உப்புக்கண்டம் போடுவாங்களா?

வெல்டர்: விறகா!

(போன வாரம் பக்கத்துத் தோட்டத்துக்கு, ஆடுகளை மேலே அடைக்கும் ஆட்டுப்பரண் அடித்துக் கொடுத்தவர். பட்டறைக்காரர்களின் காதில் போன வாரத்து வேலைதான் கேட்டுக்கொண்டிருக்கும். நாம் சொல்வதை அதற்குள் திணித்துக்கொள்வார்கள்.)

வெல்டர்: அண்ணன் போன்ல "பரணாட்ட வேணும், மேல தகரம்"னு மட்டும்தானுங்க சொன்னாரு.

அக்கா: அண்ணனுக்கு வெந்நி குளிக்கத்தான் தெரியும். அடுப்பூதறது நானு. அங்க பாரு நீலத் தார்ப்பாய், அதான் அண்ணன் வேலை. மழை வருதுன்னு தலையிலிருந்து கால் வரைக்கும் போத்தி, கயிறு போட்டு இறுக்கிட்டாரு. பிரிச்சா தார்ப்பாய்க்கு உள்பக்கம் முத்து முத்தாத் தண்ணி. கட்டையிலிருந்து கிளம்புன ஈரம் போக வழியில்லாம கட்டை மேலயே சொட்டுது. காளான் மொளைச்சிருக்கு.

வெல்டர்: அப்ப இப்படிப் பண்ணிரலாங்க்கா. நாலு பக்கமும் ஷீட் அடிச்சு, முன்னாடி கதவு, கதவு மேல அழகுக்கு ரெண்டு எவர்சில்வர் உருண்டை...

அக்கா: அதே தார்ப்பாயைத் தகரத்துல செஞ்சு தர்றேங்கற.

வெல்டர்: சாரல் அடிக்குமேங்க்கா.

அக்கா: அடிக்கட்டும். மேல பட்ட சாரல் ஒரு வெயிலுக்குப் போயிரும். உள்ள இருக்கற ஈரந்தான் காத்தில்லாம போகாது. நம்மூருக்கு ஆடிக்காத்து எங்கிருந்து வருது? பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து. அதனால மேக்க மட்டும் சந்து உட்டுச் சட்டம் அடி, மீதி தொறந்தே கெடக்கட்டும். கூரையில தாழ்ந்த பக்கமும் மேக்கதான். ஒசந்த பக்கத்தை மேக்கப் பாத்து வெச்சா காத்து அடியில புகுந்து தகரத்தைக் கெளப்பிரும். கூரை ஒசரம் முன்னாடி 6 அடி, பின்னாடி மேக்க 5½. ரெண்டு பக்கமும் ஒரு அடி நீட்டி உடு. ஸ்க்ரூவைத் தகரத்து மேட்டுல போடு. பள்ளத்துல போட்டா, வாஷர் காஞ்சு வெடிச்ச அன்னைக்கு ஒழுகும்.

வெல்டர்: பண்ணிரலாங்க. பைப்பு 3-க்கு 3 இன்ச்சு, கனம் 3 எம்எம் போட்டுர்றேன். ஸ்ட்ராங்கா நிக்கும்.

அக்கா: உனக்குக் கூலி எப்படி?

வெல்டர்: கிலோவுக்குத்தானுங்க.

அக்கா: அதானே பாத்தேன். 2-க்கு 2, 2 எம்எம் போதும், நாலடிக்கு ஒரு கால் இருக்குதில்ல. நீ சொல்றது அதைவிட ரெண்டு மடங்குக்கு மேல எடை. கேட்டுக்கதவு அடிச்சாலும் கனம், கோழிக்கூடு அடிச்சாலும் கனம். வெல்டிங் பத்து வைக்கறது மட்டும் மூலைக்கு ஒரு புள்ளி!

வெல்டர்: சேச்சே, முழுசா ஓட்டிர்றேனுங்க.

அக்கா: ஓட்டிட்டு, மேல படிஞ்ச கசடைத் தட்டி எடுத்தப்புறம்தான் ரெட் ஆக்சைடு. கசடு மேலயே அடிச்சா பெயிண்டும் அதுவும் சேந்து உரிஞ்சு வரும். பைப்பு வாயெல்லாம் தகடு வெச்சு அடைச்சுரு, இல்லாட்டித் தண்ணி எறங்கி உள்ளுக்குள்ளயே துரு புடிக்கும். காலை மண்ணுல பொதைக்காத. மண் மட்டத்துலதான் மொதல்ல அரிச்சு எடுக்கும். மண்ணுக்கு மேல அரையடிக்குக் கான்கிரீட் பீடம், அதுல பிளேட்டு வெச்சு போல்ட்டு. வீட்டுச் செவுத்துல ஒட்டாம ஒரு அடி தள்ளி நிறுத்து, கரையான் செவுத்து வழியா ஏறும்.

வெல்டர்: பின்பக்கம் சட்டம் மட்டும் போதுங்களா?

அக்கா: மூலைக்கு மூலை குறுக்கால ஒரு இரும்பு ஆங்கிள். இல்லாட்டிக் கட்டை தள்ளுற தள்ளுல மொத்தமும் ஒரு பக்கமாச் சாஞ்சுக்கும். ரெண்டு ஓரத்துலயும் சந்து உட்டுத் தடுப்பு, நடுவுல ஒரு தடுப்பு.

வெல்டர்: நடுவுல எதுக்குங்க? கெடாவைத் தனியாப் புடிச்சுக் கட்டவா?

அக்கா: ஆட்டை எறக்கி உடு சாமி. ஒரு பக்கம் போன வருசக் கட்டை, ஒரு பக்கம் இந்த வருசத்துது. எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டா, கைக்கு எட்டுற புதுசை எடுத்துப் பொகைய உட்டுட்டு இருப்பாங்க. அடியில கெடக்கற பழசு உளுத்து மாவாக் கொட்டும்.

வெல்டர்: காஞ்சிருச்சான்னு எப்படிங்க பாப்பீங்க? பல்லைப் புடிச்சா?

அக்கா: ரெண்டு கட்டையை எடுத்து ஒண்ணோட ஒண்ணு தட்டு. "ணங்"குனு கேட்டா எரிக்கலாம். "தொப்"புனு கேட்டா திருப்பி வெச்சுரு. முனையில வெடிப்பு ஓடியிருந்தா இன்னும் நல்லது.

வெல்டர்: சரீங்க்கா. முன்பணம் குடுத்தீங்கன்னா நாளைக்கே பைப்பு எடுத்துருவேன்.

அக்கா: கடைக்கு நானும் வர்றேன். எடைச் சீட்டு என் கையில இருக்கட்டும்.

வெல்டர்: உங்களுக்கு எதுக்குங்க சிரமம்? அண்ணன் வரட்டுமே.

அக்கா: அண்ணன் வந்தா 3-க்கு 3 எடுத்து, கதவுக்கும் தாள் போட்டு, உருண்டையும் வாங்கிட்டுத்தான் ரெண்டு பேரும் வருவீங்க.

வெல்டர்: ஒரே ஒரு உருண்டைங்க்கா. நடுவுல.