சனிக்கிழமை மாலை காரை எடுக்காதீர்கள்

இதை எழுத வேண்டும் என்று நீண்ட நாட்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். வார இறுதியில் வெளியே சாப்பிடுவது என்றாலே காரை எடுத்துக்கொண்டு நகரத்தின் நடுப்பகுதிக்கோ, நெடுஞ்சாலையோர வணிக வளாகத்துக்கோ போக வேண்டும் என்று புறநகரில் குடியிருக்கும் நாம் பழகிவிட்டோம். நடந்து போகிற தூரத்தில் நாலைந்து சாப்பாட்டுக் கடைகள் இருந்தாலும் அவை நம் கணக்கில் வருவதில்லை. உடம்பு சரியில்லாத நாளுக்கும், வீட்டில் சமைக்க முடியாமல் போன இரவுக்கும் மட்டும்தான் அவை. "இன்றைக்கு வெளியே சாப்பிடப் போகிறோம்" என்று குழந்தைகளிடம் சொல்லும்போது அந்தக் கடைகளை நாம் நினைப்பதே இல்லை. இது மாற வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன். காசு மிச்சமாகும் என்பதற்காகச் சொல்லவில்லை. நாம் வாழும் இடம் தூங்கி எழுந்து கிளம்புவதற்கான இடமாக மட்டும் சுருங்கிவிடக் கூடாதே என்ற கவலையில் சொல்கிறேன்.

சனிக்கிழமை மாலை என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஆறரைக்குக் கிளம்ப வேண்டும் என்று பேசி வைத்து, ஏழே காலுக்குக் கிளம்புகிறோம். பிரதான சாலைக்கு வந்ததும் வண்டி நகர்வதில்லை. போய்ச் சேர்ந்தால் நிறுத்த இடமில்லை. இடம் கிடைத்து உள்ளே போனால் பெயரை எழுதிக்கொண்டு வெளியே உட்காரச் சொல்கிறார்கள். சின்னக் குழந்தைக்குத் தூக்கம் வந்துவிடுகிறது. பெரியவர்களுக்கு மாத்திரை போடும் நேரம் தாண்டிவிடுகிறது. ஒருவழியாக மேசை கிடைக்கும்போது பேசுவதற்கு யாருக்கும் தெம்பு இருப்பதில்லை. சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள், கேட்காமலேயே பில் வந்து மேசையில் இருக்கிறது, வாசலில் அடுத்தவர் காத்திருக்கிறாரே. வாரம் முழுவதும் எதிர்பார்த்திருந்த மாலையில் பாதி சாலையிலும் மீதி வாசலிலும் கழிந்துவிடுகிறது.

நாம் இப்படிப் பழகியதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தேடிப் படித்தபோது 1926 என்ற ஆண்டு திரும்பத் திரும்ப வந்தது. அந்த ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு தம் கார்த் தொழிற்சாலைகளில் வாரத்துக்கு ஐந்து நாள் வேலை என்ற முறையைக் கொண்டுவந்தார். ஓய்வு நேரம் உள்ளவர்களுக்கு உடையும் உணவும் போக்குவரத்தும் கூடுதலாகத் தேவைப்படும், அதனால் வணிகம் வளரும் என்பது அவர் வெளிப்படையாகவே வைத்த வாதம்.

அதே ஆண்டில்தான் பிரான்சின் மிஷலின் கையேடு நல்ல உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கத் தொடங்கியது. மிஷலின் ஒரு டயர் நிறுவனம். கார் வைத்திருப்பவர்களுக்காக 1900-இல் அந்தக் கையேட்டை இலவசமாக வெளியிட்டது. வண்டிகள் அதிகம் ஓடினால் டயர் அதிகம் விற்கும், அவ்வளவுதான் கணக்கு. பிறகு நட்சத்திரங்கள் மூன்று வரை விரிந்தன. 1936-இல் அவற்றுக்குச் சொன்ன விளக்கத்தைக் கவனியுங்கள். இரண்டு நட்சத்திரம் என்றால், வழியை மாற்றிச் சுற்றிக்கொண்டாவது போகலாம். மூன்று என்றால், அதற்காகவே தனியாகப் பயணம் போகலாம். சமையலின் தரத்தை, அதற்காக எவ்வளவு தூரம் வண்டி ஓட்டலாம் என்பதை வைத்துச் சொன்னார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்கு அந்த அளவுகோலில் மதிப்பே கிடையாது.

அதே 1926 நவம்பரில் இன்னொன்றும் நடந்தது. ஓஹையோ மாநிலத்தில் கிளீவ்லாந்து நகருக்கு வெளியே யூக்ளிட் என்று ஒரு புறநகர். குடியிருப்புக்கு ஒரு பகுதி, கடைகளுக்கு ஒரு பகுதி, ஆலைகளுக்கு ஒரு பகுதி என்று அந்த ஊர் நிலத்தைப் பிரித்ததை எதிர்த்து நில உரிமையாளரான நிறுவனம் ஒன்று தொடுத்த வழக்கில், ஊருக்கு அந்த அதிகாரம் உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீடு ஒரு பக்கம், கடை ஒரு பக்கம் என்ற திட்டமிடலுக்கு அங்கே சட்டத்தின் முத்திரை விழுந்தது.

ஐந்து நாள் வாரத்தை நான் குறை சொல்ல மாட்டேன். உழைப்பவருக்குக் கிடைத்த பெரும்பேறு அது. ஆலையின் புகை குழந்தைகள் உறங்கும் வீட்டுக்குள் வரக் கூடாது என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஓய்வு நாள், தூரத்துக்குப் பெருமை சேர்க்கும் மதிப்பீடு, கடையை வீட்டிலிருந்து விலக்கி வைக்கும் திட்டமிடல் ஆகிய மூன்றின் சாயலும் இன்று பல நாடுகளின் புறநகர்களில் தெரிகிறது. எல்லோருக்கும் ஒரே நாளில் விடுமுறை. எல்லோருக்கும் ஒரே திசையில் பயணம்.

எல்லோரும் ஒரே நேரத்தில் போய் உட்கார்ந்தால் சாப்பாடு எப்படி இருக்கும்? சனிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு ஓர் உணவகத்தின் சமையற்கட்டை எட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆர்டர் சீட்டுகள் கம்பியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகப்பட்டிருக்கும். அடுப்புகள் அதே எண்ணிக்கைதான், கைகளும் அதே எண்ணிக்கைதான். இருபது மேசைகள் இரண்டு மணி நேரத்துக்குள் பரவலாக நிரம்பினால் சமையல்காரர் சமாளித்துவிடுவார். அதே இருபது மேசைகள் கால் மணி நேரத்தில் நிரம்பினால் சீட்டுகள் தேங்கும். அடுப்புக்குக் கொஞ்சமாவது ஓய்வு இருக்கிறவரை காத்திருப்பது பெரிதாகத் தெரியாது. அந்த ஓய்வும் இல்லாமல் போகிற கட்டத்தில், இன்னும் இரண்டு மேசைகள் சேர்ந்தாலே காத்திருக்கும் நேரம் ஒரேயடியாக எகிறிவிடும். அந்த நெருக்கடியைச் சமாளிக்க, பலவற்றை மாலையிலேயே முக்கால் பதத்துக்குச் செய்து வைத்து, ஆர்டர் வந்ததும் சூடுகாட்டித் தட்டில் வைக்கிறார்கள். உப்பு பார்க்க நேரமிருக்காது. அதே சமையல்காரர், அதே சரக்கு, ஆனால் புதன்கிழமை சாப்பிட்டதும் சனிக்கிழமை சாப்பிட்டதும் ஒன்றாக இருக்காது. நாம் கூடுதலாகக் காத்திருந்து, கூட்டமே காரணமாகத் தரம் குறைந்துபோன சாப்பாட்டைச் சாப்பிட்டு வருகிறோம்.

இரைச்சலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதர்கள் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவார்கள் என்று எத்தியென் லோம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இல் விளக்கினார். கண்ணாடிச் சுவர், பளிங்குத் தரை, திரையோ விரிப்போ எதுவும் இல்லாத பெரிய கூடம் என்று இருக்கும் உணவகத்தில் இது ஒரு சுழலாகிவிடுகிறது. பக்கத்து மேசை சத்தமாகப் பேசுகிறது, நாமும் சத்தமாகப் பேசுகிறோம், அவர்கள் இன்னும் சத்தமாகப் பேசுகிறார்கள். காது மந்தமான பெரியவர் ஒருவர் நம்மோடு இருந்தால் அந்த மாலை முழுவதும் அவர் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பார். சிரிக்கும் இடத்தில் சிரிப்பார், ஆனால் எதற்கென்று அவருக்குத் தெரியாது. குடும்பமாகச் சாப்பிடத்தானே கிளம்பினோம்?

இப்போது தெருமுனைக் கடைக்கு வருகிறேன். என் அம்மாவுக்கு முழங்கால் வலி. அந்தக் கடையில் வாசலை ஒட்டிய மேசைக்குப் படி ஏறாமல் போய்விடலாம். முதல் நாள் நாங்கள் கேட்டு வாங்கினோம். பிறகு கேட்க வேண்டியிருக்கவில்லை. அம்மா தெருவில் வருவது தெரிந்தாலே, பரிமாறுபவர் நாற்காலியைச் சற்று வெளியே இழுத்து, சாய்ந்து உட்காரும்படி சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிடுகிறார். காரம் குறைவாக வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். வெந்நீர் வேண்டும் என்பதும் தெரியும். கல்லாவில் இருப்பவர் "நேற்று வரவில்லையே, உடம்பு நன்றாக இருக்கிறதா?" என்று கேட்கிறார். வீட்டை விட்டு அதிகம் வெளியே போகாத ஒருவருக்கு இந்தக் கேள்வி எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அம்மாவின் முகத்தில் பார்க்கிறேன். பயணம் போய்ச் சாப்பிடும் உணவகம் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் இதைத் தர முடியாது. இது அடிக்கடி போவதால் மட்டும் கிடைப்பது. அடிக்கடி போக வேண்டுமானால் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

"பக்கத்துக் கடையில் சுவை இல்லை, சுத்தம் இல்லை" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பல நேரம் அது உண்மைதான், நான் மறுக்கவில்லை. சின்னக் கடைகள் செய்யும் பெரிய தவறு, நூறு வகைகளை எழுதி வைத்த மெனு அட்டை. நாலு அடுப்பு உள்ள கடையில் நூறு வகை என்றால், பாதிச் சரக்கு குளிர்பெட்டியில் நாள்கணக்கில் கிடக்கிறது என்று பொருள். அட்டையைப் பார்க்காமல் "இன்றைக்கு எது அதிகம் போகிறது?" என்று கேளுங்கள். அதிகம் போவதுதான் புதிதாகச் செய்யப்படுவது. கை கழுவும் இடம் சரியில்லை என்றால் கடைக்காரரைத் தனியாக அழைத்துச் சொல்லுங்கள். பக்கத்துத் தெருக்காரர், மறுபடியும் வரப்போகிறவர் சொன்னால் பெரும்பாலும் காது கொடுத்துக் கேட்கிறார்கள். கேட்கவில்லை என்றால் போகாதீர்கள். கெட்டுப்போனதைச் சகித்துக்கொண்டு சாப்பிடுங்கள் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

நன்றாக இருந்தால் அதை எழுதுங்கள். ஹார்வர்டு வணிகப் பள்ளியின் மைக்கேல் லூகா, அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களை ஆராய்ந்து 2011-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இணைய மதிப்பீட்டில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருவாய் 5 முதல் 9 சதவீதம் வரை உயர்வதாக அவர் கண்டறிந்தார். முக்கியமான செய்தி அடுத்தது: இந்த விளைவு தனிக் கடைகளில்தான் தெரிந்தது, பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் நிறுவன உணவகங்களில் தெரியவில்லை. பெயர்ப் பலகையைப் பார்த்தாலே எதை எதிர்பார்க்கலாம் என்று தெரிகிற இடத்துக்கு உங்கள் நாலு வரி தேவையில்லை. தெருமுனைக் கடைக்குத் தேவை. எந்த நேரத்தில் போனால் நன்றாக இருக்கும், எதைச் சாப்பிடலாம், பெரியவர்கள் உட்கார வசதி உண்டா என்று விவரமாக எழுதுங்கள். "சூப்பர்" என்று ஒரு சொல்லோடு நிறுத்திவிட்டால் யாருக்கும் பயனில்லை.

செயலியில் ஆர்டர் செய்வதைப் பற்றி ஒன்று. உடல்நலம் இல்லாதவர்களுக்கும், கைக்குழந்தையோடு தனியாக இருக்கும் தாய்க்கும் அது வரம். ஆனால் இரண்டு தெரு தள்ளி இருக்கும் கடையிலிருந்து, நடக்கத் தெம்புள்ள நாம் செயலி வழியாக வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. உலகின் பல இடங்களில் இந்த நிறுவனங்கள் உணவகத்திடம் 15 முதல் 30 சதவீதம் வரை தரகு எடுக்கின்றன. பெருந்தொற்றுக் காலத்தில் கடைகள் தாங்க முடியாமல் முறையிட்டதால் நியூயார்க் போன்ற நகரங்கள் அதற்கு உச்சவரம்பே விதித்தன. வாடகை, கூலி, சரக்கு எல்லாம் போக ஒரு சின்னக் கடைக்கு மிஞ்சும் லாபமே சொற்பம். அதிலிருந்துதான் இந்தத் தரகு போகிறது. அதைவிட, மூடிய பெட்டிக்குள் ஆவி தங்கி மொறுமொறுப்பானதெல்லாம் நமத்துப்போய் வருகிறது. ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு நாமே நடந்து போனால் கடைக்காரருக்கு முழுப் பணம், நமக்குச் சூடான சாப்பாடு.

நடக்க நல்ல பாதை இருக்கிறதா என்ற கேள்வி நியாயமானது. பல புறநகர்களில் இல்லை. சாக்கடை மூடி உடைந்திருக்கும், விளக்கு எரியாது, நடைபாதை பாதியிலேயே முடிந்துவிடும். இதைச் சரிசெய்யச் சொல்லி உள்ளாட்சியிடம் கேட்க நமக்குத் தோன்றாததற்குக் காரணம், அந்த வழியில் நாம் நடப்பதே இல்லை என்பதுதான். சனிக்கிழமை மாலை நாற்பது குடும்பங்கள் நடந்து போகிற தெருவில் விளக்கு எரியவில்லை என்றால் திங்கட்கிழமையே மனு போகும்.

எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் இப்போது ஒரு விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. நுழைவாயிலை ஒட்டிய கட்டடத்தின் தரைத்தளத்தில் சின்ன உணவகம் ஒன்று வர அனுமதி கேட்கிறார்கள். புகை வரும், வண்டிகள் தெருவை அடைக்கும், அறிமுகமில்லாதவர்கள் வந்து போவார்கள் என்று பலர் எதிர்க்கிறார்கள். இந்தப் பயங்களை நான் அலட்சியப்படுத்தவில்லை. புகைபோக்கி கூரைக்கு மேல் போக வேண்டும், இரவு பத்து மணிக்குள் அடைக்க வேண்டும், கழிவைத் தினமும் அகற்ற வேண்டும், எண்ணெயைச் சாக்கடையில் விடக் கூடாது என்று எழுத்தில் நிபந்தனை வைக்கலாம். நாமெல்லாம் நடந்தே போனால் வண்டி நிறுத்தும் சிக்கலே பாதி தீர்ந்துவிடும். இரவு ஒன்பது மணிக்கு விளக்கு எரிந்துகொண்டிருக்கும் கடை ஒன்று வாசலில் இருந்தால், வேலை முடிந்து தனியாகத் திரும்பும் பெண்களுக்கு அந்தத் தெரு இப்போது இருப்பதைவிடப் பாதுகாப்பாகவே இருக்கும் என்பது என் கருத்து. வருகிற கூட்டத்தில் ஆதரவாகத்தான் பேசப் போகிறேன். எங்கள் குடியிருப்பில் இதைப் படிப்பவர்கள், எதிர்ப்பாக இருந்தாலும் பரவாயில்லை, கூட்டத்துக்கு வாருங்கள். எந்த நிபந்தனை வைத்தால் உங்களுக்குச் சம்மதம் என்று சொல்லுங்கள், அதையும் மனுவில் சேர்த்துக்கொள்வோம்.