சின்ன க்ளீனப்தானாம்!

"சின்ன க்ளீனப்தான், சட்டென்று மெர்ஜ் பண்ணிவிடுங்கள்." எங்கள் மென்பொருளின் கோடில் மாற்றம் செய்து, அதை எங்கள் கோடோடு சேர்க்கச் சொல்லி (அதுதான் மெர்ஜ்) அனுப்புகிறவர்கள் எழுதும் இந்த வரியைப் பார்த்தாலே இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சனிக்கிழமை சாயங்காலம் வந்த புல் ரிக்வெஸ்ட்டும் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் விண்ணப்பம்) இப்படித்தான் ஆரம்பித்தது. மொத்தம் 43 ஃபைல். டேப் எல்லாம் ஸ்பேஸ் ஆகியிருக்கிறது, கமென்ட்டில் எழுத்துப்பிழை திருத்தியிருக்கிறது, சில வேரியபிளுக்குப் புதுப் பெயர். அத்தனையும் ஒரே கமிட்டில், அதாவது ஒரே பதிவாக. அனுப்பியவர் ஏதோ ஒரு டூலை ஓட்டி, அது காட்டியதையெல்லாம் மாற்றி அனுப்பிவிட்டார். அவருக்குப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். நான் இரவு பதினொன்றரை வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

29-வது ஃபைலில் இருந்தது வினை. அங்கே ஒரு ஃபங்ஷன், எத்தனை பைட் படித்தோம் என்ற எண்ணைத் திருப்பித் தரும். படிக்க முடியாவிட்டால் -1 தரும். எண்ணிக்கை எப்படி மைனஸில் போகும் என்று நினைத்தாரோ என்னவோ, அந்த வேரியபிளை மைனஸ் எண்ணையே வைத்துக்கொள்ளாத அன்சைன்ட் வகை ஆக்கிவிட்டார். அவ்வளவுதான், அடுத்த வரியில் பூஜ்யத்துக்குக் குறைவா என்று பார்க்கிற சோதனை இனி ஒருநாளும் வேலை செய்யாது. -1 ஒரு ராட்சத எண்ணாக மாறி உள்ளே போகும். டெஸ்ட் எல்லாம் பச்சை காட்டியது. டிஸ்க்கைப் படிக்க முடியாமல் போகிற நிலைக்கு எங்களிடம் டெஸ்ட் கிடையாது. இண்டென்டேஷன் மாறிய நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே இந்த ஒரு வரி. கண் கொஞ்சம் சோர்ந்திருந்தால் போயிருக்கும்.

இதை எழுதினேன். "இத்தனூண்டு மாற்றத்துக்கு இவ்வளவு கேள்வியா?" என்று பதில் வந்தது.

ஆமாம், கேட்பேன். 2006-இல் டெபியன் என்ற லினக்ஸ் வகையில், குறியாக்கத்துக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் பேக்கேஜில் நடந்ததும் இத்தனூண்டு மாற்றம்தான். பிழை தேடும் டூலான வால்கிரைண்ட் எச்சரிக்கை காட்டுகிறது என்று ஒரேமாதிரி இரண்டு வரிகளை எடுத்தார்கள். எடுத்தவர் ஓப்பன்எஸ்எஸ்எல்காரர்களிடம் முன்கூட்டியே கேட்கவும் செய்தார். பிழை தேட உதவுமானால் எடுக்கலாம் என்கிற மாதிரிதான் பதிலும் வந்தது. அதில் ஒரு வரிதான் சாவி உருவாக்கத் தேவையான ரேண்டம் எண்ணுக்கான விதையையே உள்ளே போட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் மிஞ்சியது பிராசஸ் ஐடி (ஓடும் ப்ரோகிராமுக்குச் சிஸ்டம் தரும் எண்) மட்டும். ஒரு வகை சாவிக்கு அதிகபட்சம் 32,768 சாத்தியங்கள், வரிசையாக முயன்றே கண்டுபிடித்துவிடலாம். 2008 மே மாதம்தான் வெளியே தெரிந்தது. அதுவரை அந்தப் பேக்கேஜால் உருவான, சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவிகளையெல்லாம் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக உருவாக்க வேண்டியதாயிற்று. இது தெரிந்த பிறகும் நான் எப்படிப் படிக்காமல் மெர்ஜ் பண்ணுவது?

க்ளீனப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லினக்ஸ் கெர்னலில், இன்னும் சீராகாத கோடுக்கு ஸ்டேஜிங் என்று தனி டைரக்டரியே இருக்கிறது. எத்தனையோ பேர் அங்கே இப்படிச் சின்னச் சின்ன பேட்ச் போட்டுத்தான் உள்ளே வந்தார்கள். ஆனால் ஒரு பேட்ச்சில் ஒரு மாற்றம்தான் இருக்க வேண்டும் என்று அவர்கள் விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். ஸ்பேஸ் மாற்றம் மட்டும் தனி கமிட்டாக வந்தால் நான் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் டூலிடம் வெற்றிடத்தைக் கண்டுகொள்ளாதே என்று சொல்லி டிஃப் (என்ன மாறியது என்ற பட்டியல்) பார்த்து ஐந்து நிமிஷத்தில் முடிப்பேன். 2019-இல் இருந்து, எந்த வரியை எந்தக் கமிட் மாற்றியது என்று காட்டும் கிட் பிளேமுக்குக் குறிப்பிட்ட கமிட்டை விட்டுவிடு என்று சொல்லவும் முடிகிறது. கலந்துகட்டி அனுப்பினால் இது எதுவும் உதவாது. நாளைக்கு ஒரு வரி ஏன் இப்படி இருக்கிறது என்று தேடினால், அதை எழுதியவரின் விளக்கம் வராது, "க்ளீனப்" என்ற ஒற்றைச் சொல்தான் வரும்.

எனக்கு வயிறு எரிகிற விஷயம் வேறு. ஒரு கல்லூரி மாணவி மூன்று வாரமாக ஒரு மெமரி லீக்கை (விடுவிக்காமல் மெமரி வீணாகும் பிழை) துரத்திப் பிடித்து, டெஸ்ட்டோடு பேட்ச் அனுப்பியிருக்கிறார். அவர் தொட்ட ஃபைல்களில் ஏழு இந்த 43-க்குள் இருக்கின்றன. க்ளீனப்பை முதலில் மெர்ஜ் பண்ணினால் அவர் இரண்டு மாற்றங்களும் மோதும் கான்ஃப்ளிக்ட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ரீபேஸ் பண்ண (புதுக் கோடின் மேல் திரும்பப் பொருத்த) வேண்டும். உண்மையான வேலை செய்தவர் ஏன் அந்தத் தண்டனையை அனுபவிக்க வேண்டும்? சனிக்கிழமை நான் பார்க்க உட்கார்ந்ததே அவருடைய பேட்ச்சைத்தான். அது இன்னும் அப்படியே கிடக்கிறது.

இன்று இரவு முதலில் அதைத்தான் திறக்கப்போகிறேன். க்ளீனப் அனுப்பியவர் பிரித்து அனுப்பட்டும், அதுவரை அது காத்திருக்கும்.