சேமிப்புத் தொட்டியைக் கணக்கில் விட்டுவிட்ட வாதம்
"வெப்பமும் மின்சாரமும் ஒருசேரத் தயாரிக்கும் சிறு நிலையங்கள் குளிர்காலம் முழுதும் நிற்காமல் ஓடியே ஆகவேண்டும், ஆகையால் அவை காற்றாலை மின்சாரத்துக்கு இடம் தரா" என்று நீங்கள் எழுதியிருப்பது சரியன்று. மின்சாரம் உற்பத்தியாகும் கணத்திலேயே செலவாக வேண்டும் என்பது உண்மை; வீடுகளைச் சூடாக்க இந்நிலையங்கள் குழாய்வழி அனுப்பும் வெந்நீருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

டென்மார்க்கின் சிற்றூர் நிலையங்களில் வெப்பம் காக்கும் பெரிய தொட்டிகள் இருப்பதால், மின்விலை உயர்ந்திருக்கும் நேரத்தில் இயந்திரத்தை ஓட்டி வெந்நீரை நிரப்பிக்கொள்கிறார்கள். காற்று பலமாக வீசி விலை சரியும்போது இயந்திரத்தை நிறுத்திவிட்டு, தொட்டியிலிருந்தே வீடுகளுக்கு வெப்பம் அனுப்புகிறார்கள். பல இடங்களில் மின் கொதிகலனும் வெப்ப எக்கியும் (மின்சாரத்தால் ஓரிடத்து வெப்பத்தை இழுத்து வேறிடத்துக்கு ஏற்றும் கருவி) சேர்க்கப்பட்டுள்ளதால், மிகையான காற்றாலை மின்சாரமே வெந்நீராகிறது. அந்நாட்டின் ஏரோ தீவிலுள்ள மார்ஸ்டல் என்னும் ஊர் இதற்கு நல்ல சான்று. அங்கே சுமார் 33,000 சதுர மீட்டர் சூரிய வெப்பத் தகடுகள், வெந்நீரைத் தேக்கிவைக்க 75,000 கன மீட்டர் கொள்ளும் குழிச் சேமிப்பு, மரச்சில்லு எரித்து 750 கிலோவாட் அளவுக்கு மின்சாரமும் தரும் சிறு அலகு, வெப்ப எக்கி ஆகிய நான்கும் ஒரே அமைப்பாக இயங்குமாறு திட்டமிடப்பட்டன.

உங்கள் கூற்றில் ஒரு பகுதியை ஏற்கிறேன்: தொட்டி இல்லாத நிலையமோ, சந்தை விலையோடு தொடர்பற்ற நிலையான கட்டணம் பெறும் நிலையமோ காற்றுக்கு வழிவிடாது. அந்தக் குறை கட்டணக் கொள்கையையும் வடிவமைப்பையும் சார்ந்தது. வெப்பமும் மின்சாரமும் ஒருசேரத் தயாரிக்கும் இணை உற்பத்தியின் இயல்பிலேயே அது இருப்பதாகச் சொல்வது, மேற்கொண்டு படிப்பவர்களைத் தவறான முடிவுக்கே கொண்டுசெல்லும்.