வீட்டுலதான இருக்க, ஏதாவது செய்யலாம்ல!

இந்த வரியை இனி யாராவது என்னிடம் சொன்னால், கையில் இருக்கிற ஓலைக் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொல்வேன். வைக்காமல் சொன்னால் போலீஸ் கேஸ் ஆகிவிடும்.

தடைக்காலம் வந்தால் போதும், ஊரில் எல்லோருக்கும் ஞானம் பிறந்துவிடுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. மீன் குஞ்சு பொரிக்கட்டும், பெருகட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் படகில் கூலிக்குப் போகிற வீடுகளில் அந்த இரண்டு மாதமும் கடல் காசு கிடையாது. அரசு தருகிற நிவாரணம் 8,000 ரூபாய். 61ஆல் வகுத்துப் பாருங்கள், நாளுக்கு 131 ரூபாய். அரிசி, பால், கேஸ், மகளிர் குழுத் தவணை எல்லாம் அதற்குள். சரியாக அதே நேரத்தில் பள்ளிக்கூடமும் லீவு. பெரியவளும் வீட்டில், தவழ்கிற சின்னவனும் வீட்டில், வீட்டுக்காரரும் வீட்டில். அப்போதுதான் மதினி வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டு சொல்லும்: "சும்மாதான இருக்க, நாலு பெட்டி முடைஞ்சா ஆகாதா?"

முடைகிறேன் மதினி. முடைந்துகொண்டுதான் இருக்கிறேன்.

ஓலைப் பெட்டி தானாக விளைகிறது என்று நினைக்கிறார்கள் போல. குருத்தோலையைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். வெயிலில் காயப்போட வேண்டும். ஈர்க்கை எடுத்துவிட்டு ஒரே அகலத்தில் வகிர வேண்டும். கலர் பெட்டி என்றால் கொதிக்கிற சாயத் தண்ணீரில் போட்டு எடுத்து மறுபடி உலர்த்த வேண்டும். கத்தி ஒரு பக்கம், கொதிதண்ணீர் ஒரு பக்கம், நடுவில் எதைக் கண்டாலும் பிடித்து வாயில் வைக்கிற பிள்ளை. அதனால் சாயம் போடுவதெல்லாம் அவன் தூங்கின பிறகு, ராத்திரியில்தான். பின்னும்போது ஓலையில் லேசாக ஈரம் இருக்க வேண்டும், இல்லையென்றால் மடிக்கிற இடத்தில் விரியும். பாதிப் பின்னலில் சின்னவன் அழுவான். பால் கொடுத்து, தொட்டிலை ஆட்டி, துணி மாற்றி, திரும்பி வந்தால் ஓலை காய்ந்து வெடவெடவென்று நிற்கும். மறுபடி நனை, மறுபடி உட்கார். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதே ஓலை பூஞ்சை பிடிக்கும், அது தனி நஷ்டம்.

இத்தனைக்கும் வியாபாரி தருவது பெட்டிக்கு 40 ரூபாய். ஓலையும் சாயமும் என் காசு. அதே பெட்டி ராமேஸ்வரத்தில் கோவிலுக்குப் போகிற வழியில் 150 ரூபாய்க்குத் தொங்குகிறது. போன தடவை கேட்டேன், "அண்ணே, ஓலை விலை ஏறிப்போச்சு, கொஞ்சம் கூட்டிக் குடுங்க" என்று. அவர் சொன்ன பதில்தான் இன்னும் வயிற்றெரிச்சல்: "வீட்டுல சும்மா இருக்கிற நேரத்துல செய்றதுதானம்மா, கடைக்கு வந்தா வேலை பாக்குற?"

எந்த நேரம் அண்ணே? காலை ஐந்து மணிக்குத் தண்ணீர்க் குடத்தோடு நிற்கிற நேரமா? சோறு ஊட்டுகிற நேரமா? பிள்ளை வளர்க்கிறதை யாரும் வேலையில் சேர்க்கவில்லை. சேர்க்காததால் அந்த நேரம் இலவசம். இலவச நேரத்தில் செய்த பெட்டிக்கு எதற்குக் கூலி? கணக்கு இப்படித்தான் போகிறது. வீட்டுக்காரர் தடைக்காலத்தில் வலையைத் தைத்துவிட்டு மத்தியானம் படுத்தால் அது ஓய்வு, பிள்ளையைக் கொஞ்சம் பிடிங்கள் என்றால் முகம் சுளிக்கும்.

வேறு யோசனைகளும் வரும். தையல் மிஷின் வாங்கச் சொல்வார்கள். உப்புக்காற்றில் அது எத்தனை மாதம் துருப்பிடிக்காமல் ஓடும் என்று சொல்ல மாட்டார்கள். கடல்பாசி எடுக்கப் போகலாமே என்பார்கள். மூழ்கி எடுக்கிற வேலைக்கு இடுப்பில் பிள்ளையோடா போவது? மாமியார் வைத்துக்கொள்கிற வீட்டுப் பெண்கள் போகிறார்கள், என் மாமியாருக்கு முழங்கால் வலி. அங்கன்வாடியில் கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பாடம், சின்னவனுக்குச் சத்துமாவு. மாவைத் தருவார்கள், பிள்ளையைப் பிடிக்க ஆள் தர மாட்டார்கள்.

அப்புறம் இந்த போனில் வருகிறவர்கள்! இவர்கள் இன்னொரு ரகம். "இல்லத்தரசிகளே, வீட்டிலிருந்தே மாதம் 30,000." பென்சில் பேக்கிங் என்பான், முன்பணம் கட்டச் சொல்வான். பென்சில் செய்கிற கம்பெனியில் பேக் பண்ண மிஷின் இருக்கிறது, அவன் ஏன் லாரி வைத்து மண்டபத்துக்கு அனுப்பப் போகிறான்? இன்னொருத்தன் வீடியோவுக்கு லைக் போடச் சொல்வான். முதலில் 150 ரூபாய் உண்மையாகவே அக்கவுண்டில் விழும். அதுதான் தூண்டில். அடுத்து டெலிகிராம் குரூப், அடுத்து ஆயிரம் கட்டினால் ஆயிரத்து முந்நூறு, அப்புறம் பணத்தை எடுக்கவே இன்னும் கட்டு. எங்கள் தெருவில் ஒருத்தி தாலிச் சங்கிலியை அடகு வைத்துக் கட்டினாள். புருஷனுக்குப் பயந்து வாயே திறக்கவில்லை. பிறகுதான் சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் போட்டோம், பணம் அதற்குள் எங்கெங்கோ போய்விட்டது. உடனே 1930க்குச் சொல்லியிருந்தால் முடக்க வாய்ப்பு இருந்திருக்கும். இவன்களும் அந்த வியாபாரியும் பிடித்துத் தொங்குவது ஒரே கிளையைத்தான்: இவள் வெளியே வர முடியாது, எதைக் கொடுத்தாலும் வாங்குவாள்.

50 பேர் வேலை பார்க்கிற இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 2017இல் சட்டம் போட்டார்கள். ரொம்ப நல்லது. ஆனால் 50 பேர் 50 வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரே ஆளுக்குப் பெட்டி முடைந்தால் அது வேலை பார்க்கிற இடம் இல்லையாம். வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களையும் மற்ற தொழிலாளிக்குச் சமமாக நடத்த வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996லேயே உடன்படிக்கை போட்டது, எண் 177. இந்தியா இன்னும் அதில் சேரவில்லை. அந்தப் பெட்டியில் கருப்பட்டி வாங்கிப் போகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியவா போகிறது?

இந்தத் தடவை வியாபாரி வந்தால் 60 ரூபாய்க்குக் குறைந்து ஒரு பெட்டி கிடையாது, முடிவு பண்ணிவிட்டேன். நான் மட்டும் சொன்னால் அடுத்த வீட்டுக்குப் போவார், அதனால் தெருவில் முடைகிற எல்லோரிடமும் பேசினேன். இரண்டு பேர் சரி என்றார்கள். மதினி யோசிக்கிறது. சங்கிலியை இழந்தவள் மட்டும், "இதுவும் போயிருச்சுன்னா வட்டிக்கு என்ன பண்ணுவேன்?" என்று நாற்பதுக்கே கொடுக்கிறேன் என்கிறாள். அவளைத் திட்டவும் வாய் வரவில்லை, ஆத்திரம் மட்டும் அப்படியே இருக்கிறது.