ஒன்பதாவது சிப்

புது கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய யோசனை கேட்பவர்களிடம் நான் விடாமல் சொல்வது இதுதான்: பிராசசர் பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, இ.சி.சி. ராம் (தனக்குள் வரும் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்த வழி உள்ள மெமரி) போடுங்கள்.

சாதாரண ராம் மாட்யூலில் பெரும்பாலும் ஒரு பக்கத்துக்கு எட்டு கறுப்பு சிப் இருக்கும். இ.சி.சி. மாட்யூலில் எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்பது. 64 பிட் தகவலோடு சரிபார்க்கவென்று 8 பிட் கூடவே போகிறது. ஒரு பிட் புரண்டால், அதாவது 0 என்பது 1 ஆகவோ 1 என்பது 0 ஆகவோ மாறினால், அங்கேயே திருத்திவிடும். இரண்டு புரண்டால் திருத்த முடியாது, ஆனால் தப்பு நடந்ததைச் சொல்லிவிடும். பெல் ஆய்வகத்தில் இருந்த ரிச்சர்ட் ஹாமிங் 1950இலேயே இதற்கான கணக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டார். இத்தனை வருடம் கழித்தும் அந்த ஒரு சிப் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வராதது அநியாயம்.

"நாம் என்ன பேங்க்கா நடத்துகிறோம்?" என்று கேட்பார்கள். கூகுள் தன் சர்வர்களை இரண்டரை வருடம் கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வருடத்துக்குள் ஏறக்குறைய மூன்றில் ஒரு மெஷினில் ராம் பிழை வந்திருக்கிறது. நம் வீட்டில் வந்தால் யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். போட்டோவை காப்பி செய்யும்போது அது ராம் வழியாகத்தான் போகிறது. அங்கே ஒரு பிட் புரண்டால், புரண்டபடியே டிஸ்க்கில் எழுதப்படும். பேக்கப்பிலும் அதே தப்பு ஏறும். ஜேபெக் படத்தில் ஒரு பிட் மாறினாலே அதற்குக் கீழே உள்ள பகுதி முழுக்க நிறம் மாறிப் போகலாம். தாத்தாவின் ஒரே படம் அப்படி ஆனால் யாரிடம் போய்க் கேட்பது?

இன்டெல் பல வருடங்களாக இந்த வசதியைப் பெரும்பாலும் சர்வர், ஒர்க்ஸ்டேஷன் (கனமான அலுவலக வேலைக்கான கம்ப்யூட்டர்) வரிசைக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2021 ஜனவரியில் இதைக் கடுமையாகச் சாடினார். நான் முழுக்க அவர் பக்கம். ஏ.எம்.டி. கம்பெனியின் ரைசன் பிராசசர் பலவற்றில் இ.சி.சி. வேலை செய்யும், ஆனால் மதர்போர்டும் ஒத்துழைக்க வேண்டும். அதற்கேற்ற பஃபர் (சிக்னலை இடையில் வாங்கிக் கடத்தும் சிப்) இல்லாத இ.சி.சி. ராம் கிடைப்பதும் அரிது, விலையும் அதிகம். புதிய தலைமுறை ராமான டிடிஆர்5 என்றாலே இ.சி.சி.தான் என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். அது சிப்புக்குள் நடக்கும் பிழையை மட்டும் பார்க்கும். பிராசசருக்குப் போகிற வழியில் நடப்பது அதற்குத் தெரியாது.

கையில் காசு குறைவு, ராம் மட்டும் நிறைய வேண்டும் என்றால் என் சிபாரிசு செகண்ட் ஹேண்ட் ஒர்க்ஸ்டேஷன். எச்.பி. இசட்440, டெல் பிரிசிஷன் டி5810 மாதிரியானவை. இரண்டிலும் எட்டு ராம் ஸ்லாட். 16 ஜிபி மாட்யூல் எட்டு போட்டால் 128 ஜிபி. இவை ஏற்பது ரெஜிஸ்டர்டு ராம், அதாவது அந்த பஃபர் உள்ள இ.சி.சி. ராம். சர்வர்களைக் கழிக்கும்போது மூட்டை மூட்டையாக வெளியே வருவது அதுதான். சாதாரண டெஸ்க்டாப்பில் அது ஓடாது என்பதால் வாங்க ஆளும் குறைவு, விலையும் குறைவு. லேபிளைப் படித்து வாங்குங்கள்: பிசி4-2400டி என்பதற்கு அடுத்து ஆர் இருந்தால் ரெஜிஸ்டர்டு, இ இருந்தால் பஃபர் இல்லாத இ.சி.சி., யு இருந்தால் சாதாரணம். ஆர் போட்டதை ரைசன் டெஸ்க்டாப் போர்டுக்கு வாங்கினால் காசு வீண்.

குறைகளும் உண்டு. சும்மா இருக்கும்போதும் கரண்ட் கொஞ்சம் அதிகம் இழுக்கும். பவர் சப்ளை அந்தந்த கம்பெனியின் சொந்த வடிவம், கெட்டுப்போனால் சாதாரணக் கடைச் சரக்கு பொருந்தாது. இவற்றில் உள்ள இன்டெல் ஜியான் பிராசசர்களில் கிராபிக்ஸ் கிடையாது, தனி கார்டு போட வேண்டும். விண்டோஸ் 11இன் அதிகாரப்பூர்வப் பட்டியலிலும் இவை இல்லை. லினக்ஸ் போடுகிறவர்களுக்குக் கவலையில்லை.

அப்புறம், பணம் கொடுப்பதற்கு முன் லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்து டிஎம்ஐடிகோட் (dmidecode) கட்டளையில் மெமரி விவரத்தைப் பாருங்கள். டோட்டல் விட்த் 72, டேட்டா விட்த் 64 என்று வர வேண்டும். இரண்டிலும் 64 வந்தால் அது இ.சி.சி. இல்லை, கடைக்காரர் எத்தனை சத்தியம் செய்தாலும் வாங்காதீர்கள்.