சம்மர்ஹில் பள்ளி மூடப்படவில்லை

"இங்கிலாந்தின் சம்மர்ஹில் பள்ளியில் விதியே கிடையாது, பிள்ளைகள் கெட்டுப்போனதால் 2000-இல் அரசு இழுத்து மூடிவிட்டது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு. 1921-இல் கல்வியாளர் ஏ.எஸ். நீல் தொடங்கிய அந்தப் பள்ளி சஃபோக் மாவட்டத்தின் லெய்ஸ்டனில் இன்றும் நடக்கிறது.

அப்புறம், விதிகள் நிறையவே உண்டு. பள்ளிக் கூட்டத்தில் பேசி வாக்கெடுத்து முடிவு செய்கிறார்கள். சின்னப் பிள்ளைக்கும் ஒரு வாக்கு, ஆசிரியருக்கும் ஒரு வாக்கு. வகுப்புக்குப் போவது மட்டும் பிள்ளையின் விருப்பம். விருப்பம் என்றால் பாடமே இல்லை என்று பொருளல்ல. ஆசிரியரும் அட்டவணையும் தயாராக இருக்கும்.

2000-இல் நடந்தது வேறு. 1999-இல் நடந்த அரசு ஆய்வுக்குப் பின், வகுப்பு கட்டாயமில்லை என்பதைக் குறை கூறி அரசு அனுப்பிய நோட்டீஸை எதிர்த்துப் பள்ளி தீர்ப்பாயத்துக்குப் போனது. வழக்கு நடக்கும்போதே அரசு சமரசத்துக்கு வந்தது. ஏற்கலாமா என்று மாணவர்கள் லண்டன் நீதிமன்ற அறையிலேயே கூட்டம் போட்டு வாக்களித்தார்கள். பிள்ளைகளை நம்பினால் எவ்வளவு பொறுப்பாக நடப்பார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. வகுப்பு இன்றும் கட்டாயமில்லை.

பிரிட்டன் கல்வித் துறை இணையத்தில் வைத்திருக்கும் பள்ளிகளின் பட்டியலில் பெயரைத் தேடினால் நீங்களே சரிபார்க்கலாம். இப்படிப்பட்ட பள்ளி பிடிக்காதவர்கள் தாராளமாக விவாதிக்கட்டும். இந்தச் செய்தியை மட்டும் இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இந்த விளக்கத்தைக் கொடுங்கள்.