ஆவுளியாவ (கடல்பசு) விட்டவருக்கு சால்வை போட்டாச்சு, அறுந்த வலைக்கு யாரு காசு குடுக்குறது?

வலையில சிக்குன கடல்பசுவ மீனவர்கள் திரும்ப கடல்லயே விட்டுட்டாங்கன்னு அப்பப்ப நியூஸ் வரும் பாருங்க, கூடவே ஒரு போட்டோ, அதிகாரி சால்வை போடுறாரு, அந்த மனுஷன் கைய எங்க வைக்கிறதுன்னு தெரியாம நிக்கிறாரு, கீழ நாம எல்லாரும் "மனிதம் வாழ்கிறது"ன்னு ஹார்ட்டு போட்டுட்டு அடுத்த ரீல்ஸுக்குப் போயிடுறோம். எனக்கு அந்த போட்டோவ பாத்தா ஒரே ஒரு கேள்விதான் வருது. அந்த வலை என்ன ஆச்சு?

விஷயம் தெரியாதவங்களுக்காக கொஞ்சம் சொல்லிடுறேன். பாக் விரிகுடாவுல, அதிராம்பட்டினத்துலேர்ந்து அம்மாபட்டினம் வரைக்கும் தஞ்சாவூர், புதுக்கோட்டை ரெண்டு மாவட்டக் கடல்ல 448 சதுர கிலோமீட்டர 2022 செப்டம்பர்ல கடல்பசு பாதுகாப்பகம்னு அரசு அறிவிச்சுது. இந்தியாவுலயே கடல்பசுவுக்குன்னு வந்த முதல் காப்பகம் இதுதான். நம்ம கரையில இத ஆவுளியான்னு சொல்லுவாங்க. இந்தியா மொத்தத்துக்கும் இருநூத்தி சொச்சம்தான் மிச்சம்னு மதிப்பீடு, அதுவும் இங்க, மன்னார் வளைகுடா, கட்ச் வளைகுடா, அந்தமான், இவ்வளவு இடத்துலதான். 2025 அக்டோபர்ல அபுதாபியில நடந்த ஐயூசிஎன்ங்கற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்போட மாநாட்டுல நம்ம காப்பகத்த அங்கீகரிச்சு தீர்மானமே போட்டாங்க. மனோரா பக்கத்துல சர்வதேச கடல்பசு பாதுகாப்பு மையம் வேற வருது. (நெப்போலியன வெள்ளைக்காரன் ஜெயிச்சான்னு சரபோஜி மன்னர் கட்டுன கோபுரம் அது, நமக்கு சம்மந்தமே இல்லாத சண்டைக்கு எட்டு மாடி. இந்தத் தடவையாச்சும் நம்ம கடல்ல இருக்குற ஒண்ணுக்காக அங்க கட்டிடம் எழும்புது, சந்தோஷம்தான்.)

சரி, வலைக்கு வருவோம். ஆவுளியா திங்கிறது கிட்டத்தட்ட கடல்புல்லு மட்டும்தான், நல்லா வளந்தது ஒரு நாளைக்கு முப்பது நாப்பது கிலோ திங்கும். கடல்புல்லு வெளிச்சம் படுற ஆழம் கம்மியான இடத்துலதான் மொளைக்கும். நாட்டுப்படகுக்காரங்க வலை விடுறதும் அதே இடத்துலதான், ஏன்னா நண்டு, இறால், மீன்குஞ்சு எல்லாம் அந்தப் புல்லுக்குள்ளதான் வளருது. அப்புறம் ரெண்டும் மோதாம எப்படி இருக்கும்? இது மீன் இல்ல, பாலூட்டி, சில நிமிஷத்துக்கு ஒரு தடவை மேல வந்து மூச்சு விட்டே ஆகணும். வலை சுத்திக்கிச்சுன்னா மேல வர முடியாது, மூச்சு முட்டி செத்துரும். முந்நூறு நானூறு கிலோ உருப்படி திமிறிக்கிட்டு கெடக்கும்போது முடிச்சு முடிச்சா பிரிச்சு எடுக்கல்லாம் எங்க நேரம் இருக்கு, கத்திய எடுத்து அறுக்குறதுதான் வழி. அறுத்தா அது பொழைச்சுப் போயிரும். இவருக்கு வலையும் போச்சு, அன்னிக்குப் பாடும் போச்சு, டீசல் காசு கைய விட்டு.

இத ஒரு தடவை செஞ்சா பெருந்தன்மைன்னு சொல்லலாம். வருஷக்கணக்கா ஊர் ஊரா செஞ்சுக்கிட்டு இருந்தா, இந்த நாட்டோட வனவிலங்கு பாதுகாப்புச் செலவுல ஒரு பங்க கடனுக்கு வலை வாங்குன மனுஷங்க தலையில போட்டிருக்கோம்னுதான் அர்த்தம். நான் சொல்ல வர்றது மொத்தமே இதுதான்.

ஒண்ணு ஒளிக்காம சொல்லணும், இதே கரையில ஆவுளியா கறி தின்ன காலமும் இருந்துச்சு, பெரியவங்கள கேட்டா மறைக்காம சொல்லுவாங்க. மருந்துக்கு நல்லதுன்னு தேடி வாங்குனவங்களும் உண்டு. 1972 வனவிலங்குச் சட்டத்துல அதிகபட்ச பாதுகாப்பு குடுக்குற முதல் அட்டவணையில ஆவுளியா இருக்கு, அதனால எல்லாரும் பயந்து மாறிட்டாங்கன்னு அதிகாரிங்க சொல்லலாம், எனக்கு நம்பிக்கை இல்ல. வெறும் சட்டத்தால மாறுறதா இருந்தா முப்பது வருஷம் முன்னாடியே மாறியிருக்கணும்ல. இந்திய வனவிலங்கு நிறுவனத்து ஆளுங்களும் உள்ளூர்ல கடல் வேலை பாக்குற அமைப்புகளும் ஊருக்குள்ள வந்து பேசுனாங்க, மீனவர் பிள்ளைங்களுக்கு உதவித்தொகை குடுத்து ஸ்கூல் வழியா வீட்டுக்குள்ள விஷயத்த கொண்டுபோனாங்க, கடல்ல பாத்தா தகவல் சொல்ற தன்னார்வலரா மீனவர்களையே சேத்துக்கிட்டாங்க. அதுக்கப்புறம்தான் வலைய அறுக்குறதும் வீடியோ எடுத்து அனுப்புறதும் வழக்கம் ஆச்சு. மகன் ஏழாவது படிச்சுக்கிட்டு "அப்பா அது மூணுலேர்ந்து ஏழு வருஷத்துக்கு ஒரு குட்டிதான் போடுமாம்"னு சொன்னா எந்த அப்பனுக்கு அறுக்காம இருக்க மனசு வரும்.

ஆனா விடுறதுக்கு முன்னாடியே செத்துப்போயிருந்தா? இதப் பத்தி யாரும் போஸ்ட் போடுறதில்ல. முதல் அட்டவணை மிருகம், வேட்டையாடுனதா கேஸு ஆச்சுன்னா குறைஞ்சது மூணு வருஷம் ஜெயில், ஏழு வரைக்கும் போகலாம். தெரியாம சிக்கி செத்ததுன்னு நிரூபிக்க கோர்ட்டுக்கு அலையுறது யாரு? அதனால அப்படி ஒண்ணு நடந்தா பாதிப்பேரு சத்தமில்லாம கடல்லயே தள்ளிவிட்டுட்டு கரைக்கு வந்துருவாங்க, நான் அவங்க இடத்துல இருந்தாலும் அதத்தான் செய்வேன். இதுல நஷ்டம் ஆராய்ச்சிக்குத்தான், எந்த இடத்துல எந்த வலையில எத்தனை சாகுதுன்னு தெரியாம என்னத்த திட்டம் போடுறது. செத்தத தகவல் சொன்னவர் மேல விசாரணைங்கற பேர்ல அலைக்கழிப்பு இருக்காதுன்னு எழுத்துல குடுங்க, தகவல் தானா வரும்.

இன்னொரு வேடிக்கை. இந்தக் காப்பகம் வந்தது வனவிலங்குச் சட்டம் 36ஏ பிரிவுல. அந்தப் பிரிவுல அறிவிக்கிறதுக்கு முன்னாடி உள்ளூர் மக்கள கலந்து பேசணும், சரணாலயம் மாதிரி தொழில் உரிமைய பறிக்காது, நல்ல விஷயம். அடுத்த பிரிவு 36பி, நிர்வாகக் கமிட்டி. அதுல யார் யாரு இருக்கணும்னு சட்டத்துல எழுதியிருக்கு: வனத்துறை, ஊராட்சிக்கு ஒரு பிரதிநிதி, தொண்டு நிறுவனங்கள்லேர்ந்து மூணு பேரு, அப்புறம் வேளாண்மைத் துறை ஒருத்தர், கால்நடைத் துறை ஒருத்தர். ஆமாங்க, கடல் காப்பகத்துக்கு மாட்டு டாக்டர்! மீன்வளத்துறை பேரு அந்தப் பட்டியல்ல கிடையாது, மீனவர் சங்கம் கிடையாது, கரையில நெசமாவே அதிகாரம் இருக்குற, மீனவர்களோட பாரம்பரிய ஊர்ப் பஞ்சாயத்தும் (அரசு ஊராட்சி இல்ல) ஜமாத்தும் கிடையாது. காட்ட மனசுல வச்சு எழுதுன சட்டம், சரி, ஆனா யாராச்சும் ஒரு ஆளு இத திருத்தலாம்ல? போதாக்குறைக்கு அந்தக் கமிட்டிக்கு வேலையே தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு ஆலோசனை சொல்றதுதான், முடிவெடுக்குறது இல்ல.

இழுவலை விஷயத்த தொடாம இத முடிச்சா நான் நேர்மையில்லாதவன் ஆயிருவேன். நாட்டுப்படகுக்காரரு ஒரு ஆவுளியாவுக்காக வலைய அறுக்குறாரு, விசைப்படகு இரட்டைமடி (ரெண்டு படகு சேந்து இழுக்குற வலை) கட்டி இழுத்துட்டுப் போனா அது மேயுற புல்வெளியே வேரோட போகுது. கரையோரம் விசைப்படகு தொழில் செய்யக்கூடாதுன்னு 1983 தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்துலயே இருக்கு, இரட்டைமடிக்கும், மீன் கூட்டத்த வளைச்சு அடிய சுருக்குற சுருக்குமடிக்கும் தடை இருக்கு, பாக் விரிகுடாவுல வாரத்துல மூணு நாள் விசைப்படகு, நாலு நாள் நாட்டுப்படகுன்னு ஏற்பாடும் இருக்கு. எல்லாம் இருக்கு, ராத்திரி போய் பாக்க ஆளுதான் இல்ல. விசைப்படகுல கூலிக்குப் போறவங்களும் நம்ம ஆளுங்கதான், அவங்கள திட்டி பிரயோஜனமில்ல, லட்சக்கணக்குல கடன் வாங்கி விசைப்படகு கட்டுனவரு நாளைக்கு என்ன செய்வாருன்னும் யோசிக்கணும். இருந்தாலும் சின்ன ஆளுகிட்ட தியாகம் கேக்குற அரசு, பெரிய படகுகிட்ட சட்டத்தக் கூட கேக்க மாட்டேங்குது, அதுதான் எரிச்சல்.

நல்லது நடக்குற இடமும் இருக்கு. அழிஞ்ச இடத்துல மூங்கில் சட்டம் கட்டி அதுல தேங்கா நார்க் கயித்துல கடல்புல்ல முடிஞ்சு கடலடியில பதிச்சு வளக்குறாங்க. மூங்கிலும் நாரும் மக்கிப்போயிரும், புல்லு வேர் புடிச்சுரும். தென்னைக்குப் பேர்போன பேராவூரணி, பட்டுக்கோட்டை பக்கம் கயித்துக்கு பஞ்சமா. 2018ல கஜா புயல் அடிச்சு தோப்பு தோப்பா சாஞ்சப்போ தென்னைக்கு நிவாரணம் கேட்டு ரோட்ல நின்னோமே, கடலுக்கடியில புல்லு எவ்வளவு போச்சுன்னு அன்னிக்கு நம்மள்ல யாரு கேட்டோம்?

மகாராஷ்டிராவுல 2018லேர்ந்து ஒரு திட்டம் இருக்கு. பாதுகாக்கப்பட்ட கடல் உயிரினம் ஆமையோ திமிங்கலச் சுறாவோ வலையில சிக்கி, அறுத்து விட்டா, போட்டோ வீடியோ ஆதாரம் காட்டுனா வலைச் சேதத்துக்கு 25,000 ரூபாய் வரைக்கும் நஷ்டஈடு. இங்கயும் ஊக்கத்தொகை குடுக்குறாங்க, குறை சொல்லல. ஆனா மேடை போட்டு குடுக்குற பரிசு வேற, அறுந்த வலைக்கு பேங்க் அக்கவுண்ட்ல விழுற நஷ்டஈடு வேற. பரிசு குடுக்குறவரோட மனச பொறுத்தது, மந்திரி தேதி குடுக்குற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கணும். நஷ்டஈடு உரிமை. அடுத்த வாரமே வலை வாங்கி தொழிலுக்குப் போகணும்ங்க, விழா எப்ப வேணாலும் வைங்க.

மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம், கட்டுமாவடி, மணமேல்குடி பக்கம் தொழில் பாக்குறவங்க இதப் படிக்கிறவங்கள்ல யாராச்சும் இருந்தா சொல்லுங்க, அந்தக் கமிட்டி கூடுதா, உங்க ஊர்லேர்ந்து யாரு போறாங்க, கடைசியா ஆவுளியாவ விட்டவருக்கு வலைக்காசு கைக்கு வர எத்தனை மாசம் ஆச்சு. கேள்விப்பட்டத வேணாம், நேர்ல தெரிஞ்சத மட்டும் எழுதுங்க, அத வச்சு கலெக்டர் ஆபீஸ் மீனவர் குறைதீர் கூட்டத்துல ஒரு மனு குடுக்கலாம்னு இருக்கோம்.